பூசாமல் விட்ட வெள்ளை

துறைமுகத்தை அண்டிய தெருவில், ஒரு கடையின் மேல்மாடியில், புதன்கிழமை பின்னேரங்களில் ஓவிய ரசனை வகுப்பு நடக்கும். கிண்ணியாவிலிருந்து பஸ் ஏறி அங்கே வரும் ஸல்ஹா விதவை என்பது அந்த அறையில் ஒருவருக்கும் தெரியாது. அதற்காகவே அவள் ஊரில் இல்லாத வகுப்பாகத் தேடிப் பிடித்திருந்தாள். இருபத்தாறு வயது. ஊரில் அவள் உள்ளே நுழைந்தால் சிரிப்பு அடங்கிவிடும். இங்கே அவளையும் கேலி செய்தார்கள்.

அன்று யுகேந்திரன் சேர் தன் சிநேகிதி வரைந்த ஓவியமொன்றைக் கதிரையில் சாய்த்து வைத்து, அதைப் பார்த்து எழுதச் சொல்லியிருந்தார். பச்சை முகத்தோடு ஒரு பெண். ஒரு கண் பெரிது, மற்றது சிறிது. கழுத்து நீண்டு ஒரு பக்கமாக வளைந்திருந்தது. அதற்குக் கீழே முழுக்க வெள்ளை.

ஸல்ஹா முதலில் அடிமட்டத்தை நீட்டிப் பிடித்துக் கண்களை அளந்தாள்.

"டொக்டர், ஆளுக்குக் கண்ணாடி எழுதப் போறீரோ?" என்றாள் பக்கத்தில் இருந்த ஜெயரூபி.

"ஓம், உமக்கும் சேர்த்து."

அளவுகளைக் குறித்து முடித்த பிறகு பேனா தானாக ஓடியது. சேர் கூப்பிட்டதும் எழுந்து வாசித்தாள்.

"இவள் இத்தா இருக்கிறாள். கணவன் மௌத்தானால் நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து வீட்டுக்குள் இருக்க வேண்டும். முதல் கிழமை நிறையப் பேர் வருவார்கள். ஐம்பதாம் நாளுக்குப் பிறகு கதவுச் சத்தத்துக்காகக் கழுத்து ஒரு பக்கமாகவே சாயும்."

சேர் தயங்கினார். "கிட்ட வந்து பாருங்கோ, ஸல்ஹா."

பார்த்தாள். அந்த வெள்ளையில் நிறமே இல்லை. ஓவியத் துணியின் இழைகள் தெரிந்தன. உடுப்பை வரையாமலே விட்டிருந்தார்கள்.

"அப்ப மனிசி வெள்ளை உடுக்கேல்ல. ஒண்டுமே உடுக்கேல்ல!" என்றாள் ஜெயரூபி. அறையே குலுங்கியது. ஸல்ஹாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு நடுவே நிற்பது நன்றாக இருந்தது.

"எண்டாலும் அந்த ஐம்பதாம் நாள் கதை நல்லாயிருக்கு. ஆரைக் கேட்டு எழுதினீர்?" என்றாள் ஜெயரூபி.

உம்மாவைக் கேட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அது நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால், கதவையே பார்த்திருந்த அந்த நாட்கள் வேறு யாருடையவோ ஆகிவிடும்.

"ஒருத்தரையும் கேக்கேல்ல. போன வருஷம் நானே இத்தா இருந்தனான்."

ஜெயரூபி அவசரமாகத் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஸல்ஹாவின் கதிரையைக் கையால் துடைத்தாள். "இருங்கோ."

அடுத்து வாசிக்க எழுந்தவர் மீன் வியாபாரி முனீப். ஸல்ஹாவை ஒருமுறை பார்த்தார். பிறகு குனிந்து, தன் தாளில் ஒரு கேலி வரியைப் பேனாவால் வெட்டினார்.