பன்னிரண்டாவது உப்பு

ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவளைச் சொட்டு என்றுதான் கூப்பிட்டார்கள். காலையிலிருந்து மாலை வரை அவள் வேலையே சொட்டு வைப்பதுதான். ஏதோ ஒரு கிருமியின் தோலிலிருந்து பிரித்தெடுத்த புரதத்தில் ஒரு சொட்டு, உப்புக் கரைசலில் ஒரு சொட்டு. இரண்டையும் மெல்லிய கண்ணாடி வில்லையில் கலந்து, தலைகீழாகக் கவிழ்த்து, ஒரு சின்னக் குழியின் மேல் கிரீஸ் தடவி மூடுவாள். ஒரு தட்டுக்கு இருபத்துநான்கு குழி. சொட்டில் தண்ணீர் மெல்லக் குறையக் குறைய, புரதம் வரிசை கட்டி நின்று படிகமாக வேண்டும். அந்தப் படிகத்தில் எக்ஸ்ரே பாய்ச்சினால், புரதம் உள்ளே எப்படி மடிந்து கிடக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம்.

புரதத்துக்கு அப்படி எந்த எண்ணமும் இல்லை. இரண்டு வருடமாக அது ஒரு நாள் திரிந்த பால் மாதிரி கட்டி தட்டும், மறுநாள் எனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பது போலத் தெளிந்து கிடக்கும். இடையில் பதினோரு தடவை படிகம் வந்தது. பதினொன்றும் உப்பு. கரைசலில் இருந்த உப்பே உறைந்து, புரதம் மாதிரி வேஷம் கட்டிக்கொண்டு வந்திருந்தது.

அந்த வேஷத்தை ஒவ்வொரு தடவையும் கலைத்தவள் கீழ்த்தளத்தில் எக்ஸ்ரே மெஷினை ஓட்டும் மெஷினம்மா. அவள் சொட்டின் நாத்தனார் வேறு. கணவனுக்கு மூத்தவள். ஒரே வீடு, பக்கத்து அறை. அதனால் உப்புச் செய்தி ஆய்வுக்கூடத்தோடு நிற்காமல் சாப்பாட்டு மேஜைக்கும் வந்து உட்காரும்.

"குழம்புல உப்பு கம்மியா இருக்கேடா. உன் பொண்டாட்டி எல்லாத்தையும் என் மெஷினுக்கு அனுப்பிட்டா போல" என்பாள் தம்பியிடம்.

தம்பி தட்டிலிருந்து தலையைத் தூக்க மாட்டான். பிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவன் அவன். எந்த இடத்தில் கை வைத்தால் ஷாக் அடிக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

பன்னிரண்டாவது படிகம் ஒரு திங்கட்கிழமை வந்தது. சீவிய பென்சில் முனை மாதிரி ஆறு பட்டையோடு, சந்தேகப்படும் அளவுக்கு அழகாக இருந்தது. அந்த ஒரு சொட்டில் மட்டும்தான், அதுவும் ஒன்றே ஒன்று. ஆய்வுக்கூடத் தலைவரான பெரியவர் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

"இதோ பாரும்மா. இதுவும் உப்புன்னா இந்தப் புரதத்தை மூட்டை கட்டிடலாம். மேல இருக்கிறவங்களுக்கு என்னால இனி பதில் சொல்ல முடியாது. உன்னைப் பாத்திரம் கழுவுற செக்‌ஷனுக்கு மாத்தறதைத் தவிர வேற வழியில்ல."

உப்பா புரதமா என்று உடனே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஊசியால் குத்திப் பார்ப்பது. உப்பு கடக்கென்று சத்தம் போட்டு உடையும். புரதப் படிகத்தில் பாதிக்குப் பாதி தண்ணீர் என்பதால், சத்தமே இல்லாமல் நொறுங்கிப்போகும். ஆனால் இருப்பது ஒன்றே ஒன்று. குத்தினால் உண்மை தெரியும், படிகம் போய்விடும். குத்தாவிட்டால் படிகம் இருக்கும், தூக்கம் போய்விடும். சொட்டு தூக்கத்தை விடுவதாக முடிவு செய்தாள்.

மத்தியானம் நாத்தனாரே படியேறி வந்தாள்.

"ஒரு மணி நேரம் மெஷின் சும்மா இருக்கு. எடுத்துட்டு வா, பாத்துடலாம். மறுபடியும் உப்புன்னா என் மெஷின் பக்கம் தலை வச்சுப் படுக்காதே."

"இது அப்படித் தெரியல அண்ணி."

"பதினோரு தடவையும் இதைத்தாம்மா சொன்னே."

சொட்டு மூடியைத் திறந்து வில்லையைப் புரட்டி மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்தாள். தலைமுடி அளவு நைலான் வளையத்தில் படிகத்தை அள்ளி, திரவ நைட்ரஜனில் சட்டென்று உறைய வைக்க வேண்டும். நைட்ரஜன் பிளாஸ்க் வராந்தாவில் இருந்தது. எடுக்கப் போனாள். போக வர ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

திரும்பி வந்தபோது நாத்தனார் கையில் ஊசி இருந்தது. முகம் வெளுத்திருந்தது.

"சும்மா லேசாத்தாம்மா தொட்டேன். உப்புன்னா சத்தம் வரும்னு..."

"வந்துச்சா?"

"வரல."

சொட்டு மைக்ரோஸ்கோப்பில் குனிந்தாள். ஆறு பட்டையும் போய், துளி முழுக்கப் பொடிப்பொடியாய் மினுங்கியது. சத்தம் வரவில்லை! உப்பு இல்லை! உள்ளுக்குள் அவள் குதித்த குதிக்குத் தரை அதிர்ந்திருக்க வேண்டும்.

நாத்தனாருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அவள் அறிவெல்லாம் மெஷினோடு சரி. படிகம் வளர்ப்பதில் அவளுக்குத் தெரிந்தது இந்த ஊசி வைத்தியம் ஒன்றுதான். நொறுங்கிய புரதப் படிகம் குப்பை இல்லை, விதை. அந்தப் பொடியைத் துளித்துளியாகப் புதுச் சொட்டுகளில் தொட்டு வைத்தால், ஒவ்வொரு பொடியையும் பிடித்துக்கொண்டு ஒரு படிகம் வளரலாம்.

இதைச் சொல்லத்தான் சொட்டு நிமிர்ந்தாள். எதிரே நின்ற முகத்தைப் பார்த்தாள். பதினோரு உப்பும் பதினோரு சாப்பாட்டு மேஜையும் வரிசையாக ஞாபகம் வந்தன. வாயை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"ரெண்டு வருஷம் அண்ணி... ரெண்டு வருஷம்..."

முகம் அழுதது. கை அதன் பாட்டுக்கு, துளி காய்ந்துவிடாமல் கரைசல் ஊற்றி, பொடியைக் குழாயில் உறிஞ்சி, மூடி போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தது.

"அழாதம்மா. பெரியவர்கிட்ட ஒண்ணும் சொல்லிடாதே. வெள்ளிக்கிழமை முழு நாளும் மெஷின் உனக்குத்தான். எதையாவது வளத்துக் கொண்டா, மூச்சு விடாம போட்டுத் தரேன்."

பெரியவரிடம் வெள்ளிக்கிழமைதான் மெஷின் கிடைத்தது என்று மட்டும் சொட்டு சொன்னாள். அன்று மாலைக்குள் மூன்று தட்டுகளில் விதை போட்டுவிட்டாள்.

வீட்டில் அந்த வாரம் அதிசயம் நடந்தது. நாத்தனார் டீ போட்டுக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். துணி காயப்போட்டாள். குழம்பில் உண்மையாகவே உப்பு இல்லாத அன்று, "நல்லாத்தான் இருக்கு" என்று இரண்டாம் தடவை ஊற்றிக்கொண்டாள். தம்பி பயந்துபோய் மனைவியைப் பால்கனிக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

"அக்காவுக்கு ஏதாவது சீக்கா? டாக்டர்கிட்ட காட்டணுமா?"

"ஒண்ணுமில்ல. மனசு இளகியிருக்கு. வெள்ளிக்கிழமை வரைக்கும் இருக்கும்."

"நீ ஏன் மூக்கை உறிஞ்சிட்டே சிரிக்கிறே?"

"உங்க அக்கா வர்ற சத்தம் கேக்குது. தள்ளுங்க, நான் அழணும்."

புதன்கிழமை சொட்டுகளில் புள்ளி புள்ளியாய் ஏதோ தெரிந்தது. வெள்ளிக்கிழமை காலை எண்ணினாள். பத்தொன்பது படிகங்கள், பத்தொன்பதுக்கும் ஆறு பட்டை. அத்தனையையும் உறைய வைத்து, பிளாஸ்கைத் துணியால் மூடி, சோகமான நடையில் கீழ்த்தளத்துக்கு இறங்கினாள்.

முதல் படிகத்தை மெஷினில் மாட்டினார்கள். திரையில் வட்டம் வட்டமாக ஐஸ் வளையங்கள்தான் வந்தன. உறையும்போது சுற்றியிருந்த தண்ணீரும் ஐஸாகிப் படத்தைக் கெடுத்திருந்தது. வேறு நாளாக இருந்தால் நாத்தனார் இதற்கு ஒரு வாரம் பேசியிருப்பாள்.

"பரவால்லம்மா. மனசைத் தளர விடாதே."

"சரி அண்ணி. அடுத்ததைப் போடுங்க. இன்னும் பதினெட்டு இருக்கு."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். நாத்தனார் மெதுவாக நாற்காலியைத் திருப்பினாள்.

"பதினெட்டா? நான் ஒடச்சது ஒண்ணு. அது ஒண்ணேதான் இருந்துச்சுன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டே. நாலு நாள்ல பதினெட்டு எங்கேருந்து வந்துச்சு?"

வேறு வழியில்லாமல் சொட்டு விதைக் கதையைச் சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"அப்ப திங்கக்கிழமையே உனக்குத் தெரியும்."

"ம்."

"அப்ப உன் துணியெல்லாம் நான் காயப்போட்டது?"

"நல்லா காஞ்சுது அண்ணி."

நாத்தனார் இரண்டாவது படிகத்தை மாட்டி, கதவைச் சாத்தி, பட்டனை அழுத்தினாள். இருவரும் திரையைப் பார்த்தார்கள். உப்பு என்றால் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெரிய புள்ளிகள் விழும். திரையில் கோலத்துக்கு வைத்தது போல வரிசை வரிசையாக நூற்றுக்கணக்கில் பொடிப் புள்ளிகள் விழுந்தன. சொட்டுக்கு இந்தத் தடவை நிஜமாகவே கண்ணில் தண்ணீர் வந்தது. நாத்தனார் அதை நம்பத் தயாராக இல்லை.

போனில் கூப்பிட்டதும் பெரியவர் மூச்சிரைக்கப் படியிறங்கி வந்தார். திரையைப் பார்த்தார், பிளாஸ்கைப் பார்த்தார்.

"புரதமா! இத்தனை படிகம் எப்படி வந்துச்சு?"

"விதை போட்டோம் சார்" என்றாள் சொட்டு.

"விதைக்கு அந்த ஒரே படிகத்தை ஒடச்சிருக்கணுமே. எனக்குக் கை நடுங்கியிருக்கும். யாருக்கு அவ்வளவு தைரியம்?"

கை தவறிவிட்டது என்று ஏதாவது சொல்லி நாத்தனாரைக் காப்பாற்றிவிடலாம் என்று சொட்டு வாயைத் திறந்தாள். அதற்குள் நாத்தனார் எழுந்து நின்றுவிட்டாள்.

"நான்தான் சார். இவ ஒடைக்கவே மாட்டேன்னா. எவ்வளவு நாள்தான் அதையே பாத்துட்டு உக்காந்திருக்கிறது? நல்லா யோசிச்சுத்தான் குத்தினேன்."

சொட்டுக்குத் திறந்த வாய் மூடவில்லை. மறுத்துப் பேசினால், நாலு நாள் அழுத கதையையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

"ஆமா சார்" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "அண்ணி நல்லா யோசிச்சாங்க."

"ஆராய்ச்சிக் கட்டுரையில என் பேர் ரெண்டாவதா வந்தா போதும் சார்" என்றாள் நாத்தனார் பெருந்தன்மையாக, மூன்றாவது படிகத்துக்குக் கையை நீட்டியபடி.