அன்னதானப் பந்தல் வழக்கு

அநீதிக்குத் தலைகுனிவதைவிடச் சிறைவாசமே மேல் என்று ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் பரசுராமன் மூன்று நாளாகத் தெருவுக்கே முழங்கிவந்தார். ஆனால் திருவண்ணாமலை கோர்ட்டில் அவர் பேரைக் கூப்பிட்டதும், கோயிலுக்குப் போகிற பழக்கத்தில் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, கைகூப்பிக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில், அன்னதானப் பந்தலில் ரகளை செய்ததாகப் பெட்டி கேஸ். பக்தர்களின் உரிமைக்காகக் குரல் கொடுத்ததாக வீட்டில் சொல்லியிருந்தார். அதை நம்பிய மனைவி பாஞ்சாலை, பட்டுப்புடவையில் வந்து பின்வரிசையில் பெருமையாக உட்கார்ந்திருந்தாள்.

“தப்புதான்னு ஒத்துக்கினா அபராதத்தோட போயிடும் சார்,” என்று வக்கீல் பாலாஜி காதைக் கடித்தார்.

“நானா? ஒரு வாத்தியாரா? உயிரே போனாலும் முடியாதுங்க!”

குமாஸ்தா எழுந்து குற்றச்சாட்டைப் படிக்க ஆரம்பித்தார். “மேற்படி பந்தலில் பரிமாறியவரின் சட்டையைப் பிடித்து...”

“ஒத்துக்கிறேங்க ஐயா!” என்று பரசுராமன் அலறினார்.

“முழுசா கேட்டுட்டு ஒத்துக்கங்க,” என்றார் மாஜிஸ்திரேட்.

குமாஸ்தா ஒரு வரி விடாமல் படித்து முடித்தார். பரசுராமன் பாஞ்சாலை பக்கம் திரும்பவே இல்லை.

சர்க்கரை வியாதிக்காரரான அவர், மூன்றாவது தொன்னை சர்க்கரைப் பொங்கல் கேட்டுத்தான் சட்டையைப் பிடித்திருந்தார்.