அக்காவின் நிறம்

"இது யாரு?" என்று கேட்டாள் தங்கை.

பழுப்புக் காகிதத்தைப் பிரித்து, சட்டம் போட்ட படத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்று அழகு பார்த்துக்கொண்டிருந்த அவள் புருஷனுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"யாரா? உங்க அக்காதான். கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாரு."

கண்ணாடி மூக்கில்தான் இருந்தது. தையல் இயந்திரத்தை விட்டு எழுந்து வந்தவள் அதைக் கழற்றவே இல்லை. நாள் முழுக்க ஊசிக் காதையும் தையல் வரியையும் பார்க்கிற கண் அது, அவ்வளவு சுலபமாக ஏமாறாது. படத்தில் இருந்தது அக்காவின் மூக்கு. ஒரு பக்கமாக ஏறுகிற அந்தச் சிரிப்பும் அக்காவுடையதுதான். ஆனால் நெற்றியிலிருந்து கழுத்து வரை மைதா மாவைப் பூசி விட்டதுபோல் ஒரே வெளுப்பு. இடது கண்ணைச் சுற்றிப் படர்ந்திருந்த வெண்திட்டைக் காணோம். உதட்டோரத்தில் ஒன்று, தாடையில் ஒன்று, எதையும் காணோம்.

"திட்டெல்லாம் எங்க?"

"எடுத்தாச்சு. ஸ்டூடியோக்காரர் கெட்டிக்காரர். எவ்வளவு சுத்தமா எடுத்திருக்காரு பாரு!"

சுத்தமா! அந்த வார்த்தை அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அக்கா என்னவோ சேறு பூசிக்கொண்டு திரிந்தவள் மாதிரி.

அக்கா, மூன்றாம் தெருவில் இருக்கிற தொடக்கப் பள்ளியில் டீச்சர். சின்ன வயதிலேயே தோலில் நிறம் போக ஆரம்பித்து, கை, கழுத்து, முகம் என்று திட்டுத்திட்டாக வெளுத்தது. தொட்டால் ஒட்டாது, வலிக்காது, யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. மருந்துக் கடையில் வேலை பார்க்கும் தங்கை புருஷனுக்கே இது நன்றாகத் தெரியும். கடைக்கு வருகிறவர்களிடம் விளக்கமாகச் சொல்லவும் சொல்வான். கடையில் இருக்கும் அறிவைக் கடையிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வருகிற ஆள் அவன்.

போன மாதம் ஒரு மாலை பள்ளிக்கூடம் விட்டு வந்து, தலை வலிக்கிறது என்று படுத்த அக்கா எழுந்திருக்கவில்லை. இன்று சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் நினைவுக் கூட்டமும் படத் திறப்பும். மாட்டுவதற்குப் படம் தேடினால், பள்ளிக்கூடத்தில் ஒன்றுகூட இல்லை. எப்படி இருக்கும்? வருஷா வருஷம் குரூப் போட்டோ எடுக்கிற அன்றைக்கு, "டீச்சர், நீங்க கொஞ்சம் நூலகத்துல புத்தகம் அடுக்குறீங்களா?" என்று தேன் ஒழுக அனுப்பி வைத்தவர்கள்தானே அவர்கள். கடைசியில், தங்கை மகள் தன் ஃபோனில் எப்போதோ எடுத்த படம்தான் ஸ்டூடியோவுக்குப் போயிற்று. போனது ஒருத்தி, வந்தது வேறொருத்தி.

"இதை மாட்டக் கூடாது" என்றாள் தங்கை.

"உனக்கென்ன கிறுக்கா? இன்னைக்கு யாரெல்லாம் வர்றாங்கன்னு தெரியும்ல? நம்ம பொண்ணுக்குப் பேசியிருக்கிற பையனோட அம்மாவும் வெளியூர்லேர்ந்து வர்றாங்க, அவங்க உங்க அக்காவைப் பார்த்ததே இல்ல. தாளாளர் அவங்களுக்குச் சொந்த அண்ணன். முன் வரிசையில உக்காந்து பார்க்கப் போறாங்க. நம்ம குடும்பத்துல இப்படி ஒரு வியாதி இருக்குன்னு தெரிஞ்சா, நாளைக்கே வேண்டாம்னு சொல்லிட்டுப் போயிருவாங்க. உனக்கு உங்க அக்கா முக்கியமா, பெத்த பொண்ணு முக்கியமா?"

வாயடைக்க வேண்டும் என்பதற்காகவே கேட்கப்படுகிற கேள்வி இது.

"அவ செத்துப் போயிட்டா. இன்னும் எங்க ஒளிச்சு வெக்கிறது அவளை?"

"நான் ஒண்ணும் புதுசா ஒளிக்கலையே. நம்ம கல்யாணத்தன்னைக்கே உங்க அக்கா தானா எழுந்து உள் ரூம்ல போய் உக்காந்துக்கிட்டாங்க. அவங்களுக்கே புரிஞ்சுது. உனக்குத்தான் புரிய மாட்டேங்குது."

அன்று தானாக எழுந்து போன அக்காவின் பெருந்தன்மையை இவன் இத்தனை காலமும் தனக்குச் சாதகமாக மடித்து வைத்திருந்திருக்கிறான். தங்கை படத்தைக் காகிதத்தில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினாள். வாசலில் மகள் ஃபோனில் யாரிடமோ தணிந்த குரலில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பையன்தான். அம்மாவைப் பார்த்ததும் வெட்கப்பட்டுத் திரும்பிக்கொண்டாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு தங்கைக்குக் கால் கொஞ்சம் தயங்கியது. ஆனாலும் நடந்தாள்.

நடக்க நடக்க அக்காதான் நினைவில் வந்தாள். பிள்ளைகளின் பெற்றோர் பார்த்தால் முகம் சுளிக்கிறார்கள் என்று தலைமையாசிரியை சொன்னதால், அக்காவுக்கு மணிக்கட்டு வரை கை வைத்துத்தான் ரவிக்கை தைக்க வேண்டும். தங்கைதான் தைத்துக் கொடுப்பாள். வகுப்புக் கதவைச் சாத்தியதும் அக்கா செய்கிற முதல் வேலை, அந்தக் கையை முழங்கை வரை சுருட்டி விடுவது. பூகோளப் பாடம் என்றால் பிள்ளைகள் அவள் கையைச் சுற்றி மொய்ப்பார்கள். "இது என்ன?" "தீவு டீச்சர்!" "இது?" "தீபகற்பம்! மூணு பக்கமும் தண்ணி!" படம் பார்த்துப் புரியாத பிள்ளைக்கும் அந்தக் கையைப் பார்த்தால் புரியும். வேறு வகுப்பில் மண்டு என்று பெஞ்சில் ஏற்றி நிறுத்தப்பட்ட பிள்ளைகளை எல்லாம் கேட்டு வாங்கித் தன் வகுப்பில் சேர்த்துக்கொள்வாள். பள்ளிக்கூடம் விட்ட பிறகும் அவர்களோடு உட்கார்ந்திருப்பாள்.

அந்தப் பிள்ளைகளின் வீட்டார் என்ன செய்தார்கள்? அவள் திருத்திக் கொடுத்த நோட்டை ஈரத்துணியால் துடைத்த பிறகுதான் வீட்டுக்குள் விட்டார்கள். மை கரைந்து, பிள்ளைகள் எழுதியதெல்லாம் பாழாயிற்று. அக்கா யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. எல்லாரும் பென்சிலில் எழுதுங்கள் என்று சொல்லி, தானும் பென்சிலில் திருத்த ஆரம்பித்தாள். அதை வீட்டில் ஒரு வேடிக்கை மாதிரித்தான் சொன்னாள். தங்கை அன்று முழுக்கத் தையல் இயந்திரத்தை ஆத்திரத்தோடு மிதித்து இரண்டு ஊசியை முறித்தாள்.

ஸ்டூடியோக்காரர் அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தார்.

"எப்படிம்மா வந்திருக்கு? டீச்சர் கிட்டதான் நானும் படிச்சேன். அதனால ரொம்ப அக்கறையா செஞ்சேன்."

"எப்படிச் செஞ்சீங்க?"

தொழிலைப் பற்றிக் கேட்டதும் மனுஷருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "முதல்ல திட்டை மட்டும் எடுத்துட்டு அவங்க கலரையே ரொப்பினேன்மா. மாநிறமா, ஜம்முனு இருந்துச்சு. ஹெச்.எம். வந்து பார்த்துட்டு, 'ஐயே, இவ்வளவு கறுப்பாவா ஹால்ல மாட்டுறது'ன்னாங்க. உங்க வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னாரு. சரின்னு மாத்தி யோசிச்சேன். கண்ணு பக்கத்துல வெள்ளையா ஒரு திட்டு இருந்துச்சுல்ல? அந்தக் கலரையே தொட்டு மூஞ்சி பூரா இழுத்து விட்டுட்டேன். வெளியில கலர் தேட வேண்டிய வேலையே இல்ல. ரெண்டு பேரும் பிரமாதம்னுட்டாங்க."

தங்கை காகிதத்தைப் பிரித்து அந்த முகத்தை இன்னொரு முறை பார்த்தாள்.

"அப்போ, அவ பொறந்த கலரை அழிச்சுட்டு, திட்டோட கலரை முழுசா பூசிட்டீங்க."

ஸ்டூடியோக்காரர் தலையைச் சொறிந்தார். "அப்படிப் பார்த்தா... ஆமாம்மா."

உள்ளங்கை அளவு வெள்ளைக்கு அருவருத்தவர்கள், முகம் முழுக்க அதையே பூசியதும் பிரமாதம் என்கிறார்கள். இவர்களுக்குப் பயம் வியாதியைப் பார்த்தும் இல்லை, வெள்ளையைப் பார்த்தும் இல்லை. என்ன ஜென்மங்கள்!

"பழைய படத்தை அப்படியே பெரிசா ஒண்ணு போட்டுக் குடுங்க. ஒண்ணையும் தொடாதீங்க."

"ஹெச்.எம். சத்தம் போடுவாங்கம்மா."

"நீங்க அவகிட்டதானே படிச்சீங்க?"

அவர் உள்ளே போனார்.

அவள் வீடு திரும்பியதும், சட்டம் போட்ட படத்தைப் புருஷன் அவள் கையிலிருந்து பிடுங்கிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்விட்டான். ஸ்டூடியோக்காரர் கொடுத்த படம் தங்கையின் துணிப்பையில் இருந்தது. அதை எடுக்கவேண்டி வராது, பேசாமல் இருந்துவிடலாம் என்றும் ஒரு மனம் சொல்லிக்கொண்டே இருந்தது. கூட்டத்தில் அவள் பக்கத்தில் மகள் உட்கார்ந்திருந்தாள், புதுத் துணியில், தலையை வழித்து வாரிக்கொண்டு. பையனின் அம்மா வந்து அவளை அணைத்து, "அத்தைன்னே கூப்பிடும்மா" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.

தாளாளர் துணியை விலக்கிப் படத்தைத் திறந்தார். தலைமையாசிரியை கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டு பேசினாள். "எங்க குடும்பத்துல ஒருத்தங்களா இருந்தாங்க. எந்த மேடைக்கும் வராம, தன்னை முன்னிறுத்தாம, அடக்கமாவே வாழ்ந்துட்டுப் போயிட்டாங்க. இந்த முகத்தைப் பாருங்க, என்ன ஒரு தெய்வீகம்!"

மேடைக்கு வரவிடாதவளே அதை அடக்கம் என்கிறாள். தலைமையாசிரியை பதவி முறைப்படி அக்காவுக்கு வந்திருக்க வேண்டியது. 'ஆண்டு விழாவில் மேடையில் நின்றால் பார்க்க ஒரு மாதிரி இருக்கும்' என்று தட்டிப் பறித்துக்கொண்ட நாற்காலியிலிருந்துதான் அவள் எழுந்து வந்து பேசிக்கொண்டிருந்தாள். கூட்டம் உச்சுக்கொட்டியது. அதில் பாதிப் பேர் ஈரத்துணிக்காரர்கள்.

பையனின் அம்மா மகளைத் தாண்டிச் சாய்ந்து தங்கையின் காதில் சொன்னாள்: "உங்க அக்கா என்னமா கலரா இருந்திருக்காங்க! உங்க பொண்ணு கொஞ்சம் மட்டுன்னு நினைச்சேன். பரவாயில்ல, குடும்பத்துல இருக்கு. பேரப்பிள்ளைங்களுக்கு வந்துடும்."

தங்கைக்கு உடம்பெல்லாம் கம்பளிப்பூச்சி ஊர்ந்தது. "குடும்பத்தின் சார்பில் இரண்டு வார்த்தை" என்று கூப்பிட்டதும், பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். புருஷன் அவள் முந்தானையைப் பிடித்து, "நன்றின்னு மட்டும் சொல்லிட்டு வந்துடு" என்றான். முந்தானையை உருவிக்கொண்டு போனாள்.

"எனக்குப் பேசத் தெரியாது. துணி தைக்கத்தான் தெரியும். எங்க அக்காவுக்கு உடம்பெல்லாம் வெள்ளைத் திட்டு. உங்க எல்லாருக்கும் தெரியும். அவ தொட்ட நோட்டைத் துடைச்சீங்க. போட்டோ எடுக்கிற அன்னைக்கு ஒளிச்சு வெச்சீங்க. தேமல் டீச்சர்னு பேரு வெச்சீங்க. அந்தக் கையாலதான் உங்க பிள்ளைங்களுக்கு எழுத்துக் கத்துக் குடுத்தா. இந்தப் படத்துல இருக்கிறது அவ நிறம் இல்ல. அவ நிறத்தை மொத்தமா அழிச்சுட்டு, அந்தத் திட்டோட நிறத்தை எடுத்து மூஞ்சி பூரா பூசியிருக்காங்க. நீங்க எதைப் பார்த்து இத்தனை வருஷம் அருவருத்தீங்களோ, அதைத்தான் இப்போ தெய்வீகம்னு சொல்லிக் கும்பிடுறீங்க."

பையிலிருந்த படத்தை எடுத்துச் சட்டத்தின் மேல் சாய்த்து வைத்தாள். மாநிற முகம். இடது கண்ணைச் சுற்றி வெள்ளை. ஒரு பக்கமாக ஏறுகிற சிரிப்பு. "இதுதான் எங்க அக்கா. மாட்டுறதுன்னா இதை மாட்டுங்க."

தாளாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அடுத்து நன்றியுரை" என்றார்.

கூட்டம் கலைந்தது. புருஷன் தங்கையின் முகத்தைப் பார்க்காமல் நின்றான். அவளுக்கோ மகள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பையனின் அம்மா போய்விட்டிருந்தால் தேவலை. போகவில்லை. வாயெல்லாம் சிரிப்பாக மகளிடம் வந்தாள். வளையல் நல்லாயிருக்கே என்று கையைப் பிடித்தாள். பிடித்த கையைத் திருப்பினாள், புரட்டினாள். மணிக்கட்டைப் பார்த்தாள். துணிக்கடையில் சேலையில் அழுக்கு இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி முழங்கை வரை தடவிக்கொண்டே போனாள். பிறகு காதோரத்து முடியை ஒதுக்கி, கழுத்தையும் எட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லம்மா, சும்மாதான். உனக்கு எங்கயாவது அந்த மாதிரி... துணிக்குள்ள எங்கயாவது..."

தங்கைக்கு ரத்தம் தலைக்கேறியது. அவள் வாயைத் திறப்பதற்குள் மகள், கையை விடுவித்துக்கொண்டு, அந்தம்மாவின் கையைத் தன் இரண்டு கையாலும் இதமாகப் பிடித்துக்கொண்டாள்.

"பாருங்க அத்தை, தாராளமா பாருங்க. வீட்டுக்கு வந்தீங்கன்னா மிச்சத்தையும் காட்டுறேன். வரும்போது உங்க பையனையும் கூட்டிக்கிட்டு வாங்க. எங்கம்மா, அப்பா, நான் மூணு பேரும் உக்காந்திருக்கோம். சட்டையையெல்லாம் கழட்டிட்டு நடுக்கூடத்துல நின்னு ஒருதரம் சுத்தச் சொல்லுங்க. முதுகை நல்லாப் பார்த்துட்டு, சரியா இருந்தா அப்புறம் கல்யாணத்தைப் பத்திப் பேசலாம்."