நாற்பத்தோராவது முகம்

ஒருவரின் பெயர் உங்களுக்குத் தெரியும், முகம் தெரியும், இடது புருவத்தில் இருக்கிற தழும்பு வரைக்கும் தெரியும். அவருக்கோ உங்களை யாரென்றே தெரியாது. அப்படி எத்தனை பேர் உங்களுக்கு இருப்பார்கள்?

அவனுக்கு நானூறு பேருக்கு மேல் இருந்தார்கள். ஒரு சின்ன அச்சகத்தில் கம்ப்யூட்டரில் பக்கம் அமைப்பது அவன் வேலை. பிழைப்புத் தேடி இந்த ஊருக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. இரண்டு தெரு தள்ளியிருக்கும் பள்ளிக்கூடத்தின் ஆண்டு மலர் வருஷா வருஷம் அவன் கையில்தான் உருவாகும். கடைசி வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரின் படத்தையும் திரையில் பெரிதாக்குவான். பருவை லேசாக மங்க வைப்பான். கோணலாக நிற்கும் காலரை நேராக்குவான். அப்புறம் அந்த முகங்களைப் பஸ்ஸிலும் மருந்துக்கடை வரிசையிலும் பார்ப்பான். ஒருமுறை பஸ்ஸில், மறதியாக ஒரு பையனைப் பேர் சொல்லி, "உக்காருப்பா" என்று இடம் கொடுத்துவிட்டான். பையன் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நாலு சீட் தள்ளிப் போய் நின்றான். அதிலிருந்து மனசுக்குள்ளேயே விசாரித்துக்கொள்வதோடு சரி. வாய்விட்டுப் பேச ஆளில்லாத ஊரில் அதுவும் ஒரு துணைதான். வருஷத்துக்கு ஒரு மிச்சப் பிரதியை அறைக்கு எடுத்துப் போவான். பத்துப் புத்தகங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்தன.

இந்த வருஷ மலர் அச்சகத்தில் இருந்த எல்லோருக்குமே கொஞ்சம் விசேஷம். பைண்டிங் அக்காவின் மகள் அதில் இருந்தாள். அக்கா அங்கே பதினைந்து வருஷமாகத் தாள் மடித்து, தைத்து, அட்டை ஒட்டுகிறவள். கட்டைவிரலில் எப்போதும் காய்ந்த பசை இருக்கும். யோசனை வந்தால் அதை உரித்துக்கொண்டிருப்பாள். அவள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடிக்கப்போகிற முதல் ஆள் அந்தப் பெண். படங்கள் இருக்கும் தாள் மடிக்க வந்தபோது அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டே மடித்தாள். எல்லா வேலையும் முடிந்து, கையைக் கழுவிவிட்டு, நிதானமாக உட்கார்ந்து பார்க்க வேண்டுமாம். "சொந்தப் பொண்ணப் பாக்க இவ்ளோ வெக்கமா, அக்கா?" என்று மெஷின்காரர் சீண்டினார். "உங்களுக்கென்ன தெரியும், நல்ல பலகாரத்த யாராவது நின்னுக்கிட்டே திம்பாங்களா?" என்றாள்.

அறுபது பிரதிகளும் மத்தியானம் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டன. மறுநாள் பத்து மணிக்கு விழா. முதலாளியம்மா காகிதம் வாங்க வெளியே போயிருந்தார். அக்கா சோப்புப் போட்டுக் கை கழுவி, புடவைத் தலைப்பில் துடைத்து, மிச்சப் பிரதியை மடியில் வைத்துத் திறந்தாள். அவன் திரும்பிப் பார்த்தபோது அவள் கட்டைவிரலை வெறுமனே உரித்துக்கொண்டிருந்தாள். பசை எப்போதோ போயிருந்தது.

"பேரு இல்லையே தம்பி," என்றாள்.

அவன் எழுந்து வந்து பார்த்தான். நாற்பத்தொரு படங்கள், வரிசைக்கு ஆறு. கடைசிப் படம் அக்காவின் மகள். கீழே வெள்ளையாக இருந்தது. அவளுடைய பெயர் அவளுக்கு முந்தின பையனின் படத்துக்குக் கீழே இருந்தது. அந்தப் பையனின் பெயர் அவனுக்கு முந்தினவளின் கீழே. விரலை வைத்துப் பின்னாலேயே போய், நாலாவது வரிசையின் முதல் படத்தில் வந்து நின்றான்.

அது கால் உடைந்த பையன். படம் எடுத்த அன்று ஆஸ்பத்திரியில் கிடந்தான். படமில்லாதவர்களை விட்டுவிடச் சொல்லிப் பள்ளியிலிருந்து எழுதியிருந்தார்கள். இவனும் பெயரை எடுத்துவிட்டான். கடைசி நாள் காலையில், தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு, பையனின் அம்மா ஒரு படத்தை அனுப்பியிருந்தாள். அட்டை கூட அச்சாகிவிட்ட நேரம். 'முடியாது' என்று ஒரு வரி எழுதினால் போதும். இவனுக்கு மனசு வரவில்லை. ஒரு பிள்ளை வகுப்பிலேயே இல்லாதமாதிரி ஆகிவிடுமே என்று நினைத்து, படத்தை அதனிடத்தில் சொருகினான். மற்ற படங்கள் ஒவ்வொன்றாகத் தள்ளி உட்கார்ந்தன. பெயரைச் சொருக மறந்துபோனான். பெயர்கள் நகரவே இல்லை.

போன மாதம்தான் ஒரு திருமண அழைப்பிதழில் தேதி மாறிப்போய் முதலாளியம்மா தெளிவாகச் சொல்லியிருந்தார்: இன்னொரு தடவை பேரோ தேதியோ தப்பானால் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம். வேலை போனால் அறை போகும். ஆனால் அந்த நிமிஷத்தில் அவனால் வேலையை நினைக்க முடியவில்லை. அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"தப்பு என்னோடது, அக்கா."

"உன்ன மட்டும் சொல்லி என்ன. பதினஞ்சு வருஷமா மொதல்ல பாக்கறது நான்தான். இந்த ஒரு தாள மட்டும் ஆசையா கடைசிக்கு வச்சேன்." புத்தகத்தை மூடினாள். "இப்ப என்ன பண்ணலாம், அத சொல்லு."

வரிசைக்கு ஒன்றாக நாலு நீளப் பட்டைகளில் சரியான பெயர்களை ஸ்டிக்கர் தாளில் அடித்தால், பழைய பெயர்களின் மேல் ஒட்டிவிடலாம். அறுபது புத்தகத்துக்கு இருநூற்று நாற்பது பட்டைகள். மெஷின்காரர் ஒரு வார்த்தை கேட்காமல் கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டு வெட்டிக் கொடுத்தார். அக்கா அவற்றை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினாள். இரண்டு தெருவையும் ஓட்டமும் நடையுமாகக் கடந்தார்கள்.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் இருப்பதை அவன் கேள்விப்பட்டிருக்கிறான், பார்த்ததில்லை. விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் சாப்பாட்டுக் கூடத்து நீள மேஜைகளில் மலர்களையெல்லாம் படப் பக்கத்தில் திறந்து வைப்பார்கள். கடைசி வகுப்புப் பிள்ளைகள் பேனாவோடு சுற்றிவந்து, மற்றவர்களின் புத்தகங்களில் தங்கள் படத்துக்குப் பக்கத்தில் ஒரு வரி எழுத வேண்டும். தன் புத்தகத்தை மட்டும் யாரும் தொடக்கூடாது. அது மறுநாள் காலையில்தான் கைக்கு வரும். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது சுற்று ஆரம்பித்து அரைமணி ஆகியிருந்தது.

வாசலில் நின்ற டீச்சரிடம் அவன் எல்லாவற்றையும் சொன்னான், தான் யார் என்பது உட்பட. அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தான். அவர் பட்டைக் கட்டைப் பார்த்துவிட்டு, "இத ஒட்டினா அவங்க எழுதினது மறைஞ்சிடுமே," என்றார். "நீங்களே உள்ள போய்ப் பாருங்க."

முதல் மேஜையின் முதல் புத்தகத்தைக் குனிந்து பார்த்தான். நாலாவது வரிசையிலிருந்து, ஒவ்வொரு பெயரிலிருந்தும் அடுத்த படத்துக்கு ஓர் அம்பு போட்டிருந்தது. சில அம்புகள் நேராக, சில வாலை ஆட்டிக்கொண்டு. வரிசை முடிந்த இடங்களில் மட்டும் அம்பு தாளின் ஓரமாகச் சுற்றிக்கொண்டு கீழே இறங்கியது. 'நான் இவள் இல்லை, பக்கத்து வீடு' என்று ஒருவன் எழுதியிருந்தான். கால் உடைந்தவனின் பெயர் அவன் தலைக்கு மேலே பெரிதாக எழுதப்பட்டிருந்தது. கடைசிப் படத்துக்குக் கீழே இருந்த வெள்ளையில், நீல மையில், அக்காவின் மகளுடைய பெயர். அடுத்த புத்தகத்தில் அதே பெயர் சாய்ந்த எழுத்தில். அதற்கடுத்ததில் பச்சை மை, எழுத்துகள் குண்டு குண்டாக. அக்கா ஒவ்வொரு புத்தகமாக நகர்ந்தாள். ஓர் எழுத்தாவது முந்தினதைப் போல இல்லை.

மகள் வந்து அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பேரை மட்டும் அவரவர் புத்தகத்தில் அவரவரே எழுதுவது என்று வகுப்பு முடிவு செய்ததாம். அந்த ஒரு பேருக்காக வழக்கத்தை உடைத்தார்களாம்.

"ஏம்மா அழற? அச்சடிச்சிருந்தா எல்லாத்துலயும் ஒரே மாதிரிதான் இருந்திருக்கும்."

அக்கா மூக்கை உறிஞ்சினாள். "அழல. இந்தப் பச்சை மைக்காரன் யாருடி, எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கு," என்றாள். பச்சை மைக்காரன் மேஜைக்கு அந்தப் பக்கமிருந்து கையைத் தூக்கினான். அக்கா அவனைக் கூப்பிட்டுத் தலையைத் தடவி அனுப்பினாள்.

டீச்சர் பெயர்ப் பட்டைகளை வாங்கி மேஜையோரம் வைத்துக்கொண்டார். யாருக்காவது வேண்டுமென்றால் கொடுப்பதாகச் சொன்னார். யாரும் வந்து எடுக்கவில்லை. அவன் கதவோரமாக ஒதுங்கி நின்று கூடத்தைப் பார்த்தான். அத்தனை பேரையும் தெரிந்தது. புருவத்தழும்பு, கோணல் காலர், இரட்டையர்களில் சிரிக்கிறவள், சிரிக்காதவள். கால் உடைந்தவன் ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு நேராக அவனிடம் வந்தான். இவன் முந்திக்கொண்டு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான்.

"அம்மா சொன்னாங்க, கடைசி நாள்தான் அனுப்பினோம், வராதுன்னு," என்றான் பையன். "அதனால நான் இந்தப் பக்கத்தப் பாக்கவே வேணாம்னு இருந்தேன். இவங்கதான் இழுத்துட்டு வந்து காட்டினாங்க. தேங்க்ஸ்ண்ணா."

"உன் பேர விட்டுட்டேனேப்பா."

"பேரத்தான் எழுதிக்கிட்டோமே. மூஞ்சிய எழுதிக்க முடியுமா?" ஊன்றுகோலை அக்குளில் இறுக்கிக்கொண்டு பையிலிருந்து பேனாவை எடுத்தான். "கடைசிப் பக்கத்துல மணி அடிக்கறவரு, சமையல்காரம்மா பேரெல்லாம் எழுதுவோம். உங்க பேரு என்னண்ணா?"

முதலாளியம்மாவுக்கும் அக்காவுக்கும் அவன் தம்பி. வீட்டுக்காரருக்கு மாடி ரூம். வாரத்துக்கு ஒருமுறை போனில் அம்மா பேர் சொல்லிக் கூப்பிடுவதோடு சரி. தன் பேரைச் சொன்னான். பையன் பக்கத்து மேஜையிலிருந்த ஒரு புத்தகத்தில் எழுதிவிட்டு, சரியா என்று திருப்பிக் காட்டினான். சரியாக இருந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவன் அச்சகத்தைத் திறந்தான். முதலாளியம்மா வந்ததும் நடந்ததை ஒளிக்காமல் சொன்னான். அவர் மிச்சப் பிரதியை வாங்கி அந்தப் பக்கத்தைப் பார்த்தார். இனிமேல் பெயர் இருக்கிற எந்தத் தாளையும் அக்கா படித்துப் பார்க்காமல் மெஷினில் ஏற்றக்கூடாது என்றார். போன் அடித்தது, எடுக்கப் போய்விட்டார். அக்கா எட்டரைக்கு வந்தாள். கையைக் கழுவித் துடைத்தாள். அவன் மேஜையிலிருந்த பேனாவை எடுத்து, மிச்சப் பிரதியின் கடைசிப் படத்துக்குக் கீழே மகளின் பெயரை எழுதினாள். எழுத்துகள் போகப் போகக் கொஞ்சம் மேலே ஏறியிருந்தன. மை காய்வதற்காகப் புத்தகத்தைத் திறந்தபடியே அவன் மேஜையில் வைத்துவிட்டு, பல் டாக்டரின் மருந்துச் சீட்டுகளுக்குப் பசை போட உட்கார்ந்தாள்.