பிப்ரவரி இருபத்தேழில் அடித்த தட்டு

வலது தோளில் எலும்போடு எலும்பு உரசுகிற வலி. அன்று காலை சட்டை மாட்டுவதற்கே இடது கையால் வலது கையைத் தூக்கிவிட வேண்டியிருந்தது. பத்தொன்பது வருடம் பிரஸ்ஸை இழுத்து மூடிய தோள். ஒரு ஷிஃப்டில் எழுநூறு இசைத்தட்டு. கருப்புக் களியை உருட்டி வை, மூடு, நீராவி, தண்ணீர், திற, ஓரத்தை வெட்டு, அடுத்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை எனக்கு இன்றும் மயிர் முளைப்பதில்லை. அந்தத் தட்டில் யார் வாசித்தார்கள், எந்தப் படத்துக்கு வாசித்தார்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

இப்போது அந்தத் தட்டுகளுக்காகத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைக் கூப்பிடுகிறார்கள். செஸ்தோ ஊரில் ஒரு பழைய உடற்பயிற்சிக் கூடத்தில் சந்தை. வங்கிக்காரன், பல் டாக்டர், வக்கீல் எல்லாம் அட்டைப்பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பார்கள். அவர்களுக்கு வேண்டியது பழைய இத்தாலியச் சினிமா இசைத்தட்டு, அதிலும் கடைக்கே வராதது. படம் வெளிவருவதற்கு முன்னால் உரிமையைப் பதிவு செய்யவும் வானொலிக்கு அனுப்பவும் என்று ஐம்பது, அறுபது மட்டும் அடித்தவை. வெள்ளை உறை, மேலே ஒரு ரப்பர் முத்திரை. படம் எவ்வளவுக்குக் கேவலமோ தட்டு அவ்வளவுக்கு விலை போகும். இதைப் புரிந்துகொள்ளப் பார்த்து விட்டுவிட்டேன்.

போலிகள் பெருகிய பிறகுதான் எங்களுக்கு மரியாதை வந்தது. எங்களுக்கு என்றால் எனக்கும் ஆமோஸ் ரெபெக்கிக்கும். ஒரே ஆலை. நான் பிரஸ், அவன் முலாம் பிரிவு. நிக்கல் தொட்டியில் அச்சுத் தகட்டை வளர்த்து எடுப்பதும் அதில் தேதி அடிப்பதும் அவன் வேலை. பாட்டு வரி முடிந்து லேபிள் தொடங்கும் முன் தட்டில் ஒரு வெறும் வளையம் உண்டு. தேதி அங்கே புடைத்துக்கொண்டு நிற்கும். கேட்கிறவன் அதைப் பார்க்கமாட்டான். வாங்குகிறவன் அதைத்தான் முதலில் பார்ப்பான்.

ஆமோஸ் என் மகளுக்கு ஞானத்தகப்பன். எழுபத்திரண்டில் நடந்த வேலைநிறுத்தத்துக்கு அவன்தான் குழுத் தலைவன். ஐம்பது வருடமாக என்னைத் தோழர் என்றுதான் கூப்பிடுவான், சீட்டாட்டத்தில் தோற்றால் மட்டும் கழுதை. வியாபாரி இவானோ ஸ்கார்ப்பா எங்கள் இருவருக்கும் மதியச் சாப்பாடும் அரை லிட்டர் சிவப்பு ஒயினும் வாங்கித் தருவான். பதிலுக்கு நாங்கள் அவன் மேசையில் வருகிற தட்டைப் பார்த்து நிஜமா போலியா என்று சொல்ல வேண்டும். அதுதான் ஏற்பாடு.

அன்று நான் போய்ச் சேரும்போதே இவானோவின் முகம் சிவந்து கிடந்தது. எதிரே பெர்கமோவிலிருந்து வந்த தீரோனி என்கிற மருந்துக்கடைக்காரர். சாதாரணமாக ஒரு பெட்டி முழுக்க நானூறு யூரோவுக்கு வாங்குகிறவர், அன்று ஒரே தட்டுக்கு நாலாயிரம் கொண்டு வந்திருந்தார். வந்தவர் பணத்தை எடுக்காமல் பழைய செய்தித்தாளின் நகல் ஒன்றை மேசையில் விரித்தார். தட்டில் இருக்கிற தேதி 27-2-72. அன்றைக்கு அந்த ஆலையே வேலைநிறுத்தத்தில் மூடிக் கிடந்திருக்கிறது, பத்திரிகையிலேயே போட்டிருக்கிறது, போலி அடித்தவன் ஏதோ ஒரு தேதியைக் குத்திவிட்டான், இவானோ தன்னை முட்டாள் என்று நினைத்துவிட்டான் என்பது அவர் பேச்சு. இவானோ தன் அம்மாமீது சத்தியம் செய்துகொண்டிருந்தான்.

ஆமோஸ் எனக்கு முன்பே வந்து, பார்த்து, போலி என்று சொல்லிவிட்டிருந்தான். இப்போது மொர்த்தடெல்லா இறைச்சி வைத்த ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தான்.

"பாக்கிறதுக்கு ஒண்ணுமில்ல, நேவியோ. ரெண்டு வருசத்துக்கு முந்தி எவனோ அடிச்சது. வா, சாப்பிடப் போலாம்."

மணி பதினொன்றுகூட ஆகவில்லை. ஆமோஸ் ஒரு தட்டைப் பார்க்கக் குறைந்தது கால் மணி நேரம் எடுப்பான், விளக்கு கேட்பான், கண்ணாடி மாற்றுவான், மூன்று பழைய கதை சொல்வான். அவனுக்கு அது திருப்பலி மாதிரி. அவன் அவசரம்தான் என்னைத் தட்டைக் கையில் எடுக்க வைத்தது.

கையில் எடுத்ததும் எடை சொன்னது. எங்கள் களி. ஓரத்தை வெட்டிய விதம் எங்கள் ஆலையின் கத்தி. ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தேன். பிறகு கட்டைவிரல் நகத்தால் தேதியை வருடினேன். ஏழு குத்துகிற உளிக்கு எங்கள் ஆலையில் கால் நுனி உடைந்திருக்கும், எழுபதில் ஒருத்தன் அதை அமிலத்தில் தவறவிட்டான். இந்தத் தட்டில் இரண்டு ஏழு இருந்தன, இரண்டுக்கும் நுனி இல்லை. அதுவரைக்கும் ஆலை. ஆனால் எண்கள் இடப்பக்கம் சாய்ந்து நின்றன. தகட்டில் எண்ணைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி தலைமாற்றி அடிக்க வேண்டும், அதனால் அடிக்கிறவன் எந்தக் கைக்காரன் என்பது அந்தச் சாய்விலேயே பதியும். முலாம் பிரிவில் நான்கு பேர். மூன்று பேர் வலது கைக்காரர்கள்.

ஆமோஸ் ரொட்டியை இடது கையில் பிடித்திருந்தான்.

எழுபத்திரண்டில் அந்த ஞாயிறு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பிப்ரவரி பதினாலாம் தேதி வேலையை நிறுத்தினோம். வாசலில் எண்ணெய் டிரம்மில் விறகு எரித்துக்கொண்டு மறியல். நிக்கல் தொட்டி ஆறிப்போனால் மொத்தக் கரைசலும் வீண், குழாய் உறைந்தால் வெடிக்கும் என்பதால் ஒரே ஓர் ஆள் உள்ளே போகக் குழுவே அனுமதி கொடுத்தது. குழுத் தலைவனைவிட நம்பிக்கையான ஆள் யார்? பதினேழாம் நாள் பேச்சுவார்த்தைக்குப் போனபோது முதலாளி பேசவே இல்லை. பையிலிருந்து ஒரு வெள்ளை உறையை எடுத்து மேசையில் வைத்தார். சுடச்சுட அடித்த தட்டு. நீங்கள் இல்லாமலே என் வேலை நடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை அடித்த அறுபது தட்டு படக் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்றார். அதற்குமேல் எங்கள் ஆட்களின் முதுகு நிமிரவில்லை. கேட்டதில் பாதிக்குக் கையெழுத்துப் போட்டோம்.

உள்ளே போய் அடித்த கருங்காலி யார்? ஞாயிற்றுக்கிழமை மறியலுக்கு வராதவன் ஒருத்தன்தான், கோசிமோ மர்ஜோத்தா. இத்தாலியின் தெற்குக் கோடியில் நார்தோவிலிருந்து வந்தவன், என் பக்கத்து பிரஸ். அவன் சைக்கிளை ஆலையின் பின்சுவரோரம் பார்த்ததாகச் சொன்னது ஆமோஸ். குழந்தைக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன் என்று கோசிமோ சொன்னான். சீட்டைக் காட்டு என்றோம். சீட்டு இல்லை. உடை மாற்றும் அறையில் இரண்டு பேர் அவனைப் பிடித்துக்கொண்டார்கள், மூன்றாவது ஆள் அவன் வலது கையை இரும்பு அலமாரியின் சட்டத்தில் வைத்து அழுத்தினான். கதவைச் சாத்தியது நான். பிரஸ்ஸை மூடுகிற அதே தோளால், அதே வேகத்தில். மோதிர விரலும் சுண்டு விரலும் பிறகு மடங்கவே இல்லை. மடங்காத விரலை வைத்துக்கொண்டு பிரஸ்ஸில் நிற்க முடியாது. ஈஸ்டருக்கு முன்பே குடும்பத்தோடு ரயில் ஏறிவிட்டான்.

நான் தட்டை உறைக்குள் போட்டேன்.

"ஒரிஜினல்தான்," என்றேன். "ஆமோஸ் அடிச்சது."

இவானோ கையைத் தட்டினான். தீரோனி என்னையும் ஆமோஸையும் மாறிமாறிப் பார்த்தார். ஆமோஸ் மெல்லுவதை நிறுத்தவில்லை. விழுங்கினான், வாயைத் துடைத்தான்.

"உனக்குக் கண்ணு போயிருச்சு."

"நகம் போகல."

"சரி, வெளிய வா. பேசலாம்."

"இங்கயே பேசு. சைக்கிளப் பாத்தியே, அது என்ன நிறம்?"

அவன் மேசையில் சிந்திய ரொட்டித் துணுக்கைத் துடைத்துவிட்டான். அந்தச் சைக்கிள் என்ன நிறம் என்று எனக்கும் தெரியாது. அந்த நாளில் ஒருத்தரும் கேட்கவில்லை.

பிறகு சொன்னான், யாருக்கோ நடந்ததைச் சொல்கிற மாதிரி. தொட்டியைச் சூடாக வைக்கப் போனவனிடம் மேஸ்திரி அச்சு எடுக்க ஒரு மூலத் தகட்டைக் கொண்டுவந்து கொடுத்தானாம். இங்கே ஆகாவிட்டால் ரோமில் அடிப்பார்கள், எப்படியும் அடிக்கத்தான் போகிறார்கள், ஒரே ஓர் அச்சு என்றானாம். சனி, ஞாயிறு இரண்டு நாள். அறுபதையும் மேஸ்திரியும் இவனுமாகவே அடித்தார்களாம். காசு வாங்கினானா என்று கேட்டேன். வாங்கவில்லை என்றான். அதை நம்புகிறேன். காசு வாங்கியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"கோசிமோ பேர ஏன்டா சொன்ன?"

"யாராவது ஒருத்தன் பேர் வேண்டியிருந்துச்சு. அவன் தெக்கத்திக்காரன், சொன்னதும் எல்லாரும் நம்புனீங்க. நான் ஒரு வார்த்தைதான் சொன்னேன், தோழர். மிச்சத்த நீ செஞ்ச."

அடிக்கக் கை ஓங்கினேன். காதுக்கு மேல் கை போகவில்லை. அப்படியே பாதியில் நின்றது, பஸ்ஸை நிறுத்தக் காட்டுகிற கை மாதிரி. ஆமோஸ் அதைப் பார்த்தான். சிரித்திருந்தால்கூடத் தேவலை. மீதி ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான், அடுத்த தட்டுக்குக் காத்திருக்கிறவன் போல.

இவானோவுக்கு இதெல்லாம் காதில் விழுந்த மாதிரியே இல்லை. ஒரு தாளையும் பேனாவையும் என் முன்னால் தள்ளினான். நிஜம் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், தட்டோடு சேர்த்துக் கொடுக்க. எழுதினேன். இந்தத் தட்டு 1972 பிப்ரவரி 27 அன்று, வேலைநிறுத்தத்தின்போது, ஆமோஸ் ரெபெக்கி தகடு செய்து அடித்தது. கோசிமோ மர்ஜோத்தா அடிக்கவில்லை. அவன்தான் என்று சொல்லி அவன் விரலை உடைத்தவன் நான். கீழே என் பெயர், பிரஸ் எண் ஒன்பது.

கடைசி இரண்டு வரி வேண்டாம் என்றான் இவானோ, வாங்குகிறவருக்கு அது எதற்கு என்று. தீரோனி தாளை அவன் கையிலிருந்து வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, இரண்டு தடவை படித்தார்.

"இருக்கட்டும்," என்றார். "இந்த மாதிரி ஒரு காகிதத்தோட இந்தத் தட்டு இத்தாலியில வேற எவன்கிட்டயும் இருக்காது. இன்னும் ஐந்நூறு போட்டுத் தரேன்."

நல்ல மனிதர்தான், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அருமையான பொருளுக்கு அருமையான காகிதம், அவ்வளவுதான் அவருக்கு. அவர் வீட்டுச் சுவரில் தட்டுக்குப் பக்கத்தில் கோசிமோவின் விரல்கள் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குவது எனக்குத் தெரிந்தது. தாளைப் பிடுங்கினேன். ஓரம் கிழிந்து அவர் விரலில் தங்கியது.

"தட்டு ஒரிஜினல். வாயால சொல்லியாச்சு. காகிதம் உங்களுக்கு இல்ல."

இவானோ கத்த ஆரம்பித்தான். மூன்று வருடம் என் காசில் தின்ற கிழவன், ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு கிராக்கி, இனி இந்தக் கூடத்தின் வாசலை மிதித்தால் காலை உடைப்பேன் என்றான். பக்கத்து மேசைக்காரர்கள் பெட்டியிலிருந்து தலையை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி பெட்டிக்குள் விட்டார்கள். தீரோனி நாலாயிரத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுத் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு போனார். அவர் அதை ஒருநாளும் போட்டுக் கேட்கப் போவதில்லை. ஊசி பட்டால் விலை இறங்கிவிடும்.

சாப்பிடாமல் பஸ்ஸில் வந்தேன். தாள் உள்பையில் இருந்தது, தோள் வலித்தது. கோசிமோ நார்தோவில் உயிரோடு இருக்கிறானா என்று தெரியாது. ஐம்பத்திரண்டு வருடத்தில் ஒருத்தரிடமும் கேட்டதில்லை. இருந்தால் அவனுக்கு, இல்லையென்றால் அன்றைக்குக் காய்ச்சலோடு அவன் தூக்கிக்கொண்டு ஓடிய குழந்தைக்கு நான் தர வேண்டியது பாக்கி: அவன் கருங்காலி இல்லை என்ற ஒரு வார்த்தையும், வலது கையில் இரண்டு விரலும்.