கூட்டினால் குறையும் கணக்கு

கொல்லையில் எந்தக் கன்றை வெட்டலாம் என்று தம்பிராஜா மாமா கேட்டபோது, பூங்காவனம் அண்ணனின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டிருந்தாள். முடிச்சு சரியாக விழவில்லை. அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

"என்ன கன்னு மாமா?"

"வாழைக்கன்னுதான். உங்கண்ணன் கல்யாணம் ஆகாதவன். வாழைக்குத் தாலி கட்டிட்டுத்தான் எடுக்கணும். இல்லன்னா ஆசையோடயே சுத்திக்கிட்டிருப்பான்."

"தலை நரைச்ச மனுசனுக்குப் பொம்மைக் கல்யாணமா? வேணாம் மாமா."

"வழக்கத்த மாத்த நான் யாரும்மா? நீ கன்ன மட்டும் காட்டு."

அவள் கையை நீட்டிக் கிணற்றுப் பக்கம் காட்டினாள். மாமா கத்தியை எடுத்துக்கொண்டு போனார். காஜா பெராங் வட்டாரத்தில் அந்தச் சந்து முழுக்க விஷயம் பரவிவிட்டிருந்தது. வாசலில் பந்தல் போட்டாகிவிட்டது. நேற்று மாலை வகுப்பு முடிந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்த சேதுபதி, நெஞ்செரிச்சல் என்று வெந்நீர் கேட்டுக் குடித்துவிட்டுப் படுத்தார். விடியும்போது இல்லை.

உடலைக் கிடத்த இடம் வேண்டும் என்பதற்காக முன்னறையிலிருந்த இரண்டு மேசைகளில் ஒன்றைப் பூங்காவனத்தின் கணவன் ஜெயபாலன் பந்தலுக்குத் தூக்கிப் போயிருந்தான். அது யாரும் உட்காராத மேசை. அண்ணன் அதை வாங்கி வந்த நாளில் பூங்காவனம் கேட்டாள், ஒரு மனுசனுக்கு எதுக்கு ரெண்டு மேசை என்று. "கணக்கு நோட்டு திருத்த இடம் வேணும்மா," என்றார். திருத்தியதெல்லாம் எப்போதும் ஒரே மேசையில்தான். இன்னொன்றை அவள் வாராவாரம் துடைத்து வைத்தாள். யாருக்கென்று கேட்டதில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

சேதுபதி பண்டார் ஹிலிரில் இருந்த ஒரு கல்லூரியில் கணிதம் நடத்தினார். அவருடைய சம்பளம் ஏன் அவ்வளவு என்பது பூங்காவனத்துக்கு மனப்பாடம். ஒரே கரும்பலகை, ஒரே அல்ஜீப்ரா. ஆனால் லண்டன் பட்டம் வாங்கியவருக்கு ஒரு சம்பளம், மதராஸ் பட்டம் வாங்கியவருக்கு அதைவிடக் குறைவு. பயிற்சிச் சான்றிதழ் இல்லையென்றால் இன்னும் ஒரு படி கீழே. பெண்ணாக இருந்தால் அதற்கும் கீழே. அந்தப் பெண் கல்யாணம் செய்துகொண்டால் நிரந்தர வேலை போய், மாதாமாதம் புதுப்பிக்கிற தற்காலிக வேலையாகிவிடும். வருட உயர்வு கிடையாது. விடுமுறை மாதத்துக்குச் சம்பளமும் கிடையாது.

அந்தக் கடைசி விதி கமலவேணி டீச்சருக்கானது. பக்கத்து வகுப்பில் ஜியோமெட்ரி நடத்துகிறவர். கிளேபாங்கில் அவர் வீட்டில் கைகால் விழுந்த அப்பா, படிக்கிற தம்பி தங்கைகள். அத்தனை பேரும் அந்தச் சம்பளத்தில்தான்.

ஒரு தீபாவளிக்குக் கல்லூரி ஆசிரியர்கள் இந்த வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார்கள். மற்றவர்கள் எழுந்து கை கழுவப் போன பிறகு அண்ணன் இலையைப் பார்த்தபடியே சொன்னார்.

"கூட்டினா குறையுற கணக்கு உலகத்திலேயே இது ஒண்ணுதான் டீச்சர். என் சம்பளத்தையும் உங்க சம்பளத்தையும் ஒரே வீட்டுல கூட்டிப் பாத்தேன். தனித்தனியா வாங்கறதைவிடக் குறையுது."

கமலவேணி நிமிராமல் கேட்டார், "விடையச் சரிபாத்தீங்களா சார்?"

"பல தடவை."

"அப்ப கணக்கு தப்பில்ல. சம்பள ஸ்கேல்தான் தப்பு."

ரசம் கொண்டுவந்த பூங்காவனம் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அவர்களுடைய கல்யாணப் பேச்சு என்று நடந்தது அவ்வளவுதான்.

பிறகு மெர்டேக்காவுக்காக, நாட்டின் விடுதலைக்காக, காத்திருந்தார்கள். திடல் நிறைய ஜனம் திரண்டு கோஷம் போட்ட அன்று அண்ணன் தொண்டை கட்டிப்போய் வீடு திரும்பினார். "நம்ம அரசாங்கம் வந்தா மொதல்ல ஸ்கேலத்தான் மாத்தும் பூங்கா," என்றார், குரலே வராமல். மெர்டேக்கா வந்தது. பட்டத்தைப் பார்க்க ஒரு கமிட்டி, பெண்கள் சம்பளத்தைப் பார்க்க ஒரு கமிட்டி என்று சொன்னார்கள். ஒவ்வொரு படிப்புத் தவணை தொடங்கும்போதும் அண்ணன் புதிதாகச் சலவை செய்த சட்டையோடு போவார். திரும்பி வந்து, "அடுத்த தவணைக்குள்ள வந்துரும்," என்பார். நேற்று வரைக்கும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

உச்சி வெயிலுக்கு முன் கல்லூரிக்காரர்கள் வந்தார்கள். முதலில் தேவதாஸ் கிராணி. கல்லூரி அலுவலகத்தில் சம்பளப் பட்டியல் எழுதுகிறவர். பந்தலில் கிடந்த மேசை மேல் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு ஜெயபாலனிடம் துக்கம் கேட்டார். ஆசிரியைகள் உள்ளே வந்தார்கள். கடைசியாக வந்த கமலவேணி பந்தலில் ஒரு கணம் நின்றார். மேசையைப் பார்த்தார், அதன் மேலிருந்த தொப்பியைப் பார்த்தார். பிறகு உள்ளே வந்து, பாயின் ஓரத்தில், மற்ற டீச்சர்களுக்குப் பின்னால் உட்கார்ந்தார். மெல்லிய நீலக்கரை வைத்த வெள்ளைச் சேலை. அழவில்லை.

"யாரு இந்தப் பொண்ணு?" என்று அடுத்த வீட்டுப் பொன்னம்மா பூங்காவனத்தின் காதருகில் கேட்டாள்.

"கூட வேல பாத்தவங்கக்கா."

"கூட வேல பாத்ததுக்கா இப்படி மொகம் செத்துக் கெடக்கு?"

"வெயில்ல வந்தாங்க," என்றாள் பூங்காவனம்.

சன்னலுக்கு வெளியே கிராணியின் குரல் நன்றாகக் கேட்டது. "சேதுபதி சார் எடத்துக்கு வேற ஆம்பள ஆள் போட்டா செலவு ஜாஸ்தி லா. கமலவேணி டீச்சர் ரெண்டு கிளாஸையும் பாத்துக்குவாங்க. பரிட்சை வருது பாருங்க, இன்னிக்குச் சாயங்காலமே ஆரம்பிச்சாகணும். நல்லவேள, அவங்க சீதா டீச்சர் மாதிரி இல்ல."

"அவங்களுக்கு என்ன?" என்றான் ஜெயபாலன்.

"கல்யாணக் கார்டு கொடுத்தாங்க. நானும் போய் நல்லாச் சாப்பிட்டேன். மறுவாரமே என் கையாலதான் அவங்கள டெம்பரரின்னு மாத்தி எழுதினேன். ரூல் ரூல்தான். ரகசியமாப் பண்ணிக்கிட்டாலும் ஒருநாள் எங்காதுக்கு வந்துரும் லா."

பூங்காவனம் கமலவேணியைப் பார்த்தாள். கேட்டிருக்கும். முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

குளிப்பாட்டி, விபூதி பூசி, வேட்டி சுற்றிய பிறகு மாமா குரல் கொடுத்தார். "வாய்க்கரிசி போடணும். சொந்தக்காரங்க மட்டும் வாங்க."

அண்ணனுக்கென்று மகனோ மகளோ இல்லாத வீடு. வரிசை சிறியது. கடைசியாகப் பூங்காவனம் தன் பிடி அரிசியைப் போட்டுவிட்டு, தட்டை யாரிடமும் கொடுக்காமல் பாயின் ஓரத்தைப் பார்த்தாள். வாங்க என்று ஒரு வார்த்தை போதும். கூப்பிட்டால் அவர் வருவார். வந்தால், சன்னலில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருக்கிற கிராணிக்கு மிச்சம் எல்லாம் தானாகவே விளங்கிவிடும். எந்தச் சம்பளத்துக்காக இரண்டு பேரும் இத்தனை வருடம் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்களோ, அதுவும் போய்விடும்.

கமலவேணி அவளைப் பார்த்தார். தலையை மிக லேசாக அசைத்தார். வேண்டாம்.

பூங்காவனம் தட்டை ஓரமாக வைக்கச் சொல்லிப் பொன்னம்மாவிடம் கொடுத்தாள்.

மாமா வாழைக்கன்றோடு வந்தார். தலைமாட்டில் நிறுத்திப் பார்த்தார், சாய்ந்தது. சுவரோடு அணைத்து வைத்தார். சரிந்து விளக்கின் மேல் விழப் பார்த்தது.

"வேரில்லாதது எப்படி நிக்கும்? யாராச்சும் வந்து பிடிங்க."

பொன்னம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"நீங்க இருங்கக்கா," என்றாள் பூங்காவனம். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "டீச்சர், கொஞ்சம் வந்து பிடிச்சுக்கறீங்களா? நீங்கதான் உயரமா இருக்கீங்க."

கமலவேணி அசையவில்லை.

"ஆமா, டீச்சர் நல்ல உயரம்," என்றார் சன்னலிலிருந்து கிராணி. "போய்ப் பிடிங்க டீச்சர். பாவம், பெரியவர் தடுமாறுறாரு."

கமலவேணி எழுந்து வந்தார். தலைமாட்டில் மண்டியிட்டு, கன்றை நெஞ்சோடு சேர்த்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அதன் ஒரே இலை அவர் கன்னத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. அப்போதுதான் அவர் சேதுபதியின் முகத்தைப் பக்கத்தில் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கன்றைப் பிடித்திருக்கிறவர் குனிந்து பார்ப்பதை யாரும் குற்றம் சொல்ல முடியாது.

மாமா அண்ணனின் கையைத் தூக்கினார். அது வளைந்து கொடுக்கவில்லை. மஞ்சள் பூசிய நூலை அந்த விரல்களில் தொட வைத்து, கன்றைச் சுற்றிக் கொண்டுவந்து, தானே ஒரு முடிச்சுப் போட்டார்.

"மிச்ச ரெண்டு முடிச்சும் பொறந்தவ போடணும். நாத்தனார் முடிச்சு. வாம்மா பூங்கா."

பூங்காவனம் கன்றின் பின்பக்கம் போனாள். நூல் போன இடத்தில் கமலவேணியின் மோதிரவிரல் இருந்தது. நூல் அதன் மேல் கிடந்தது. வகுப்பில் சாக்குக்கட்டி பிடித்துப் பிடித்துத் தோல் வெளுத்துப்போன விரல். கமலவேணி அதை எடுக்கவில்லை. எடுங்கள் என்று பூங்காவனமும் சொல்லவில்லை. விரலோடு சேர்த்தே முடிந்தாள். இரண்டு முடிச்சும் முதல் தடவையிலேயே சரியாக விழுந்தன.

"ஆச்சா? தள்ளிக்குங்க டீச்சரம்மா, வெட்டணும்."

கமலவேணி விரலை உருவிக்கொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. கையை எடுத்தார்; ஆனால் தள்ளிப் போகவில்லை. கத்தி ஒரே வீச்சில் நூலையும் கன்றையும் அறுத்தது. வாழைப்பால் அவர் மடியில் தெறித்தது.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. தூக்கினார்கள், சங்கு ஊதினார்கள், சந்து திரும்பும்வரை சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. பெண்கள் வீட்டைக் கழுவிவிடத் தொடங்கினார்கள். கிராணி தொப்பியை எடுத்துக்கொண்டு ஆண்களோடு போயிருந்தார். கமலவேணி கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டு, பந்தலில் அந்த மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். தொப்பி இருந்த இடத்தை உள்ளங்கையால் ஒருமுறை துடைத்தார்.

"நான் கெளம்பறேன் பூங்கா. அவர் கிளாஸுக்கும் நான்தான் போகணும்."

"சேலை மாத்திட்டுப் போங்க டீச்சர். என்னோடது ஒண்ணு இருக்கு. மடியில வாழைப்பால் பட்டிருக்கு."

கமலவேணி குனிந்து பார்த்தார். வெள்ளைத் துணியில் ஈரத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

"இருக்கட்டும்," என்றார்.

பூங்காவனம் வாசல்வரை போனாள். வெயில் இன்னும் இறங்கவில்லை. சந்தின் முனையில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்த வெள்ளைச் சேலையின் முன்பக்கத்தைக் காற்று மெல்ல உலர்த்திக்கொண்டிருந்தது. ஈரமாக இருக்கும்வரை வாழைப்பாலுக்கு நிறம் கிடையாது. காய்ந்த பிறகுதான் கறுக்கும். அவர் பண்டார் ஹிலிரில் இறங்கி, விளக்கைப் போட்டு, பலகையில் நேற்றைய கணக்கை அழிக்கப் போகும் நேரத்துக்குத் தெரிய ஆரம்பித்துவிடும்.