பூஜ்யத்திலிருந்து எண்ணும் பெட்டி

புது சர்வர் வந்து இறங்கிய காலையில், ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பழைய சர்வர் ஒரு மாதமாகச் செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தது. அதில் தகவல்களைச் சேமிக்கும் இரண்டு வட்டுகள், ஒன்றின் நகல் மற்றொன்று. ஒன்று போய்விட்டது. மிச்சமிருந்த ஒற்றை வட்டில்தான் மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருக்கும் நாற்பத்தொரு பேரின் வரிசை இருந்தது. அவளுடைய அக்காள் புருஷன் அதில் இரண்டாவது. நாலு வருஷமாக ஊர்ந்து ஊர்ந்து அந்த இடத்துக்கு வந்திருந்தார். தினமும் முதல் வேலையாக அவள் அதைத்தான் திறந்து பார்ப்பாள்.

பேக்கப் இல்லையா என்றால், இருந்தது, அதே வட்டில். தனியாக ஒரு வட்டு கேட்டு மூன்று முறை எழுதிப் போட்டாள். புது மெஷின் வரட்டும் என்றார்கள். மாற்றுச் சாவியையும் வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதைதான்.

பழைய வட்டைக் கழற்றிப் புதுப் பெட்டியின் முதல் இடத்தில் செருகினாள். பக்கத்தில் காலி வட்டு. எந்த இடத்திலிருந்து நகலெடுக்க வேண்டும் என்று திரை கேட்டது. ஒன்று என்று தட்டினாள். பதினோரு வருஷமாகப் பழைய மெஷினில் முதல் இடம் என்றால் ஒன்றுதான், கை தானாகப் போனது. இந்தப் பெட்டியோ பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறது. அதற்கு ஒன்று என்றால் இரண்டாவது இடம், காலி வட்டு. இருந்ததன் மேல் இல்லாததை எழுதச் சொல்லிவிட்டு, நூறு சதவீதம் ஆகும்வரை டீ குடித்தபடி சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அழிந்த வட்டுகளை மீட்டுத் தருபவருக்கு போன் போட்டாள். "மேல எழுதிட்டா அவ்வளவுதாங்க" என்றார்.

மறுநாள் பெரிய டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "பதிவுச் சீட்டு கொண்டுவர்றவங்களுக்கு அதுல இருக்கற தேதியைப் போடுங்க. இல்லாதவங்களுக்கு இன்னிக்குத் தேதி. எனக்கு வேற வழி தெரியல."

தகவல் கேட்டு வந்த மற்ற நாற்பது பேரையும் பதிந்து முடித்து, மத்தியானம் அக்காவைப் போனில் கூப்பிட்டு அத்தானின் சீட்டைக் கேட்டாள்.

"சீட்டா? நீதான் அங்க இருக்கியேன்னு எப்பவோ தூக்கிப் போட்டாச்சு. நீயே ரெண்டாவதுன்னு போட்டுக்கோயேன். உனக்குத்தான் தெரியுமே."

தெரியும். அத்தானின் தேதி அவளுக்கு மனப்பாடம். ஆனால் கவுன்ட்டருக்கு வெளியே வெறுங்கையோடு ஒன்பது பேர் நின்றார்கள். அவர்களில் ஒரு பெரியவர், "நான்தாம்மா முதல்ல இருந்தேன்" என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். அது சத்தியமான உண்மை என்பதும் அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் அவருக்கு இன்றைய தேதியைப் போட்டிருந்தாள்.

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அத்தானின் பெயரை அடித்தாள். பக்கத்தில் இன்றைய தேதியை அடித்தாள். நாற்பத்தொன்றாவது இடம்.

"போட்டுட்டியா?" என்றாள் அக்கா.

"போட்டுட்டேன்க்கா."

அக்கா பெருமூச்சு விட்டு உள்ளே திரும்பிச் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து அத்தானின் குரல் மெலிதாகக் கேட்டது. "நான்தான் சொன்னேன்ல, அவ இருக்கும்போது நமக்கென்ன கவலை."